கொங்கிறீற்றும் காபன் அடிச்சுவடும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம், வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் ஆகிய பாடங்களுக்குரியது

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்

• சீமெந்து உற்பத்தியில் காபனீரொட்சைட்டு வெளியேறும் இரு வழிகளையும் வேறுபடுத்திக் காட்டவும்
• சுண்ணாம்புக்கல்லின் வெப்பப் பிரிகையைக் கொண்டு வெளியேறும் காபனீரொட்சைட்டின் திணிவைக் கணிக்கவும்
• கொங்கிறீற்றின் காபன் அடிச்சுவட்டைக் குறைக்கும் வழிமுறைகளைக் காரணங்களுடன் விளக்கவும்
• அவ்வழிமுறைகளின் வரையறைகளை எடுத்துக் கூறவும்

தேர்ச்சி பெற்றிருப்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, உங்கள் பாடசாலைக் கட்டடம், ஊரிலுள்ள பாலம், வீட்டுக் கிணற்றுக் கட்டு ஆகியவற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுவான பொருள் கொங்கிறீற்று ஆகும். நீருக்கு அடுத்தபடியாக மனிதன் உலகில் அதிகமாகப் பயன்படுத்தும் பொருள் இதுவே. இதற்குத் தேவையான சீமெந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி தொன் உற்பத்தி செய்யப்படுகிறது. மனித நடவடிக்கைகளால் வளிமண்டலத்தைச் சேரும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 – 8% சீமெந்து உற்பத்தியிலிருந்தே வருகிறது.

ஒரு பொருளை உற்பத்தி செய்து, கொண்டு சென்று, பயன்படுத்தி, இறுதியில் அகற்றும் வரை வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களின் மொத்த அளவு அப்பொருளின் காபன் அடிச்சுவடு எனப்படும். இது காபனீரொட்சைட்டின் திணிவாகக் குறிப்பிடப்படும்.

இப்பாடத்தில் பல மாணவர் ஓரிடத்தில் தவறுவதுண்டு. "சீமெந்துத் தொழிற்சாலையில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய சக்தியைப் பயன்படுத்தினால் காபனீரொட்சைட்டு வெளியேறாது" என அவர்கள் விடை எழுதுவர். இவ்விடை முழுமையானதன்று. ஏன் என்பதை அறிந்தால் இப்பாடத்தின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டவர் ஆவீர்கள்.

2. கொங்கிறீற்றின் கூறுகள்

சீமெந்து, மணல், சல்லிக்கல், நீர் ஆகியவற்றைக் குறித்த விகிதத்திற் கலந்து பெறப்படுவது கொங்கிறீற்று ஆகும். சீமெந்தும் நீரும் சேர்ந்து பசையாகி, மணலையும் சல்லியையும் ஒன்றாகப் பிணைக்கின்றன. சீமெந்து நீருடன் புரியும் இத்தாக்கம் நீரேற்றம் எனப்படும். இது ஒரு புறவெப்பத் தாக்கமாகும். இத்தாக்கத்தின்போது கல்சியம் சிலிக்கேற்று நீரேற்றும் கல்சியம் ஐதரொட்சைட்டும் உருவாகின்றன. இவற்றுள் முதலாவது சேர்வையே கொங்கிறீற்றுக்கு வலிமை அளிக்கிறது.

ஆகவே கொங்கிறீற்று "காய்ந்து" இறுகுவதில்லை. நீருடன் தாக்கம் புரிந்தே இறுகுகிறது. இதனை நன்றாக நினைவிற் கொள்க. பின்னர் இது தேவைப்படும்.

1 கனமீற்றர் கொங்கிறீற்றின் திணிவு ஏறத்தாழ 2400 கிலோகிராம் ஆகும். 1:2:4 கலவையில் இதனுள் அடங்கும் சீமெந்து ஏறத்தாழ 300 கிலோகிராம், அதாவது 50 கிலோகிராம் கொண்ட 6 பைகள் ஆகும். திணிவில் எட்டில் ஒரு பங்கே சீமெந்து. ஆயினும் கொங்கிறீற்றின் காபன் அடிச்சுவட்டில் மிகப் பெரும் பங்கு இச்சீமெந்துக்கே உரியது. மணலும் சல்லியும் இயற்கையிற் கிடைப்பவை. அவற்றை அகழவும், உடைக்கவும், கொண்டு செல்லவும் தேவைப்படும் சக்தியே அவற்றின் அடிச்சுவடாகும்.

3. சீமெந்து உற்பத்தி செய்யப்படும் விதம்

இன்று பயன்படும் போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் அஸ்ப்டின் என்பவர் 1824 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் உற்பத்திப் படிகள் பின்வருமாறு:

(அ) சுண்ணாம்புக்கல்லும் களியும் அகழ்ந்தெடுக்கப்பட்டு, உரிய விகிதத்திற் கலந்து தூளாக்கப்படும்.

(ஆ) இத்தூள் சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை வெப்பமேற்றப்படும்.

(இ) சூளைக்குள் செல்லும் வழியிலேயே சுண்ணாம்புக்கல் பிரிகையுற்றுக் கல்சியம் ஒட்சைட்டாக மாறும். பின்னர் அது களியிலுள்ள சிலிக்காவுடனும் அலுமினாவுடனும் சேர்ந்து கிளிங்கர் எனப்படும் கரிய உருண்டைகளைத் தரும்.

(ஈ) கிளிங்கருடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைக்கும்போது சீமெந்து பெறப்படும். சீமெந்து மிக விரைவாக இறுகுவதை ஜிப்சம் தடுக்கிறது.

எமது நாட்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, போர்ச் சூழல் காரணமாக 1990 இல் நின்றுபோனது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லே அதன் மூலப்பொருளாக இருந்தது. அதே சுண்ணாம்புக்கற் படையே குடாநாட்டின் நிலத்தடி நீரையும் தாங்கி நிற்கிறது. எனவே சுண்ணாம்புக்கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது வளிக்கு மட்டுமன்றி நீருக்கும் பாதுகாப்பாகும்.

புத்தளத்திலுள்ள தொழிற்சாலைக்கு அருவக்காட்டுப் பகுதியிலிருந்து சுண்ணாம்புக்கல் பெறப்படுகிறது. திருகோணமலை, காலி போன்ற துறைமுக நகரங்களில் வெளிநாட்டுக் கிளிங்கர் இறக்கப்பட்டு அரைக்கப்படுகிறது. கிளிங்கரை இறக்குமதி செய்தால் காபனீரொட்சைட்டு எமது நாட்டில் வெளியேறாது. ஆனால் வேறொரு நாட்டில் வெளியேறும். வளிமண்டலத்துக்கு எல்லை இல்லை. ஆகவே நாம் பயன்படுத்தும் சீமெந்தின் அடிச்சுவடு எம்முடையதே ஆகும்.

4. காபனீரொட்சைட்டு எங்கிருந்து வருகிறது?

சீமெந்து உற்பத்தியின்போது காபனீரொட்சைட்டு இரு வழிகளில் வெளியேறுகிறது.

முதலாவது வழி: எரிபொருள் தகனம். சூளையை வெப்பமாக்க நிலக்கரி போன்ற எரிபொருள்கள் எரிக்கப்படுகின்றன. மொத்த வெளியேற்றத்தில் இது ஏறத்தாழ 40% ஆகும்.

இரண்டாவது வழி: சுண்ணாம்புக்கல்லின் வெப்பப் பிரிகை.

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

மொத்த வெளியேற்றத்தில் இது ஏறத்தாழ 60% ஆகும். இவ்வாயு எரிபொருளிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருகிறது. சூளையை எந்தச் சக்தியால் வெப்பமாக்கினாலும், கல்சியம் காபனேற்று பிரிகையுற்றால் காபனீரொட்சைட்டு வெளியேறியே தீரும். சூரிய சக்தி முதலாவது வழியை மட்டுமே அடைக்கும். இரண்டாவது வழி திறந்தே இருக்கும். மேலே குறிப்பிட்ட தவறான விடைக்குரிய விளக்கம் இதுவே.

செயற்பாடு: கல்லினுள் காபனீரொட்சைட்டு "அடைபட்டு" இருப்பதை ஆய்வுகூடத்தில் இலகுவாகக் காட்டலாம். ஆசிரியரின் மேற்பார்வையில், சோதனைக் குழாயில் இட்ட சிறு சுண்ணாம்புக்கல் துண்டுக்கு (அல்லது கடற் சிப்பி ஓட்டுத் துண்டுக்கு) ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்குக. வெளியேறும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரினூடாகச் செலுத்துக. சுண்ணாம்பு நீர் பால் நிறமாகும். அமிலம் வெளியேற்றிய அதே வாயுவையே சூளையில் வெப்பம் வெளியேற்றுகிறது.

5. கணித்தல்

உதாரணம் 1

கிளிங்கரில் திணிவின்படி 65% கல்சியம் ஒட்சைட்டு உண்டு. இது முழுவதும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிடைத்ததாகக் கொண்டு, 1 தொன் கிளிங்கர் உற்பத்தியாகும்போது வெப்பப் பிரிகையால் மாத்திரம் வெளியேறும் காபனீரொட்சைட்டின் திணிவைக் காண்க. (சாரணுத் திணிவு: கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் 16)

விடை:

கல்சியம் ஒட்சைட்டின் மூலர்த் திணிவு = 40 + 16 = 56 கிராம்
காபனீரொட்சைட்டின் மூலர்த் திணிவு = 12 + (2 × 16) = 44 கிராம்

சமன்பாட்டின்படி 1 மூல் கல்சியம் ஒட்சைட்டு உருவாகும்போது 1 மூல் காபனீரொட்சைட்டு வெளியேறும். எனவே 56 கிலோகிராம் கல்சியம் ஒட்சைட்டுடன் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும்.

1000 கிலோகிராம் கிளிங்கரில் கல்சியம் ஒட்சைட்டு = 1000 × 65/100 = 650 கிலோகிராம்

வெளியேறும் காபனீரொட்சைட்டு = 650 × 44/56 = 511 கிலோகிராம் (ஏறத்தாழ)

அதாவது 1 கிலோகிராம் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.51 கிலோகிராம் காபனீரொட்சைட்டு கல்லிலிருந்து மாத்திரம் வெளியேறுகிறது. எரிபொருளையும் சேர்த்தால் 1 தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.8 முதல் 0.9 தொன் வரை வெளியேறும்.

உதாரணம் 2

சாதாரண போட்லண்ட் சீமெந்தில் 95% கிளிங்கர் உண்டெனக் கொள்க. 50 கிலோகிராம் பை ஒன்றுக்காகக் கல்லிலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டு எவ்வளவு?

விடை:

கிளிங்கரின் திணிவு = 50 × 95/100 = 47.5 கிலோகிராம்
காபனீரொட்சைட்டு = 47.5 × 0.51 = 24.2 கிலோகிராம் (ஏறத்தாழ)

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு பை சீமெந்து மழையில் நனைந்து கட்டியாகிப் போனால், பணம் மட்டும் வீணாவதில்லை. 24 கிலோகிராம் காபனீரொட்சைட்டும் பயனின்றி வளியைச் சேர்ந்திருக்கும்.

6. அடிச்சுவட்டைக் குறைக்கும் வழிகள்

மேற்கூறிய கணிப்பிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். கொங்கிறீற்றின் காபன் அடிச்சுவட்டைக் குறைக்க வேண்டுமாயின் முதலில் கிளிங்கரின் அளவைக் குறைக்க வேண்டும். அதற்குரிய வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

6.1 கிளிங்கருக்குப் பதிலாக வேறு பொருள்களைச் சேர்த்தல்

சீமெந்தின் நீரேற்றத்தின்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உருவாகும் என மேலே கற்றோம். இது வலிமைக்கு அதிகம் உதவாது. ஆனால் நுண்ணிய சிலிக்காவைக் கொண்ட சில பொருள்களைச் சேர்த்தால் அவை இதனுடன் தாக்கம் புரிந்து, வலிமை தரும் சேர்வையை மேலும் உருவாக்கும்.

கல்சியம் ஐதரொட்சைட்டு + சிலிக்கா + நீர் → கல்சியம் சிலிக்கேற்று நீரேற்று

இவ்வாறு தாக்கம் புரியும் பொருள்கள் பொசொலான்கள் எனப்படும். இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலிலிருந்து இப்பெயர் வந்தது. பண்டைய உரோமர் இச்சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கொங்கிறீற்று ஆக்கினர். உரோமிலுள்ள பாந்தியன் ஆலயத்தின் 43 மீற்றர் விட்டமுள்ள கொங்கிறீற்றுக் குவிமாடம் கி.பி. 126 அளவில் கட்டி முடிக்கப்பட்டு, இன்றும் நிலைத்து நிற்கிறது.

இன்று பயன்படும் முக்கிய பதிலீட்டுப் பொருள்கள்:

(அ) நிலக்கரிச் சாம்பல்: நிலக்கரி மின் நிலையங்களின் புகையுடன் மேலெழும் நுண்ணிய சாம்பல் பிடித்தெடுக்கப்பட்டுச் சீமெந்துடன் கலக்கப்படுகிறது. இது பறக்கும் சாம்பல் எனப்படும். எமது நாட்டில் நுரைச்சோலை மின் நிலையத்திலிருந்து இது கிடைக்கிறது. சீமெந்தில் 35% வரை இதனைச் சேர்க்கலாம்.

(ஆ) ஊதுலைக் கசடு: இரும்பு பிரித்தெடுக்கும் ஊதுலையில் கிடைக்கும் கழிவாகும். இதனை விரைவாகக் குளிரச் செய்து தூளாக்கினால் கிளிங்கரில் பாதிக்கும் மேற்பட்ட அளவுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். எமது நாட்டில் ஊதுலைகள் இல்லாமையால் இதனை இறக்குமதி செய்ய வேண்டியுள்ளது.

(இ) உமிச் சாம்பல்: நெல் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. கட்டுப்படுத்திய வெப்பநிலையில் எரித்து நன்கு அரைத்த உமிச் சாம்பல் சிறந்த பொசொலான் ஆகும். நெல் ஆலைகள் நிறைந்த எமது நாட்டுக்கு இது பொருத்தமானது. ஆனால் திறந்த வெளியில் குவித்து எரித்த சாம்பல் எல்லாம் இதற்குப் பொருந்தாது.

(ஈ) சுட்ட களியும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும்: கயோலின் கொண்ட களியை 700 – 850 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது அது தாக்குதிறன் மிக்க பொசொலானாக மாறும். இதனுடன் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து ஆக்கப்படும் சீமெந்தில் கிளிங்கர் ஏறத்தாழ 50%, சுட்ட களி 30%, சுண்ணாம்புக்கல் 15%, ஜிப்சம் 5% ஆக இருக்கும். சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர் இணைந்து இதனை விருத்தி செய்தனர். சாதாரண சீமெந்துடன் ஒப்பிடும்போது இதன் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் 30 – 40% குறைவாகும்.

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டைக் கவனிக்குக:

• சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் வெளியேறுவது காபனீரொட்சைட்டு.
• கயோலின் களியைச் சூடாக்கினால் வெளியேறுவது நீராவி.
• சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் அரைத்து மட்டும் சேர்த்தால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு கல்லுக்குள்ளேயே இருக்கும்.

இலங்கையில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் கயோலின் படிவுகள் உள்ளன.

உதாரணம் 3

10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 0.125 மீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தளம் ஒன்றை அமைக்க, கனமீற்றருக்கு 6 பை வீதம் சீமெந்து தேவை. (i) 95% கிளிங்கர் உள்ள சீமெந்தையும், (ii) 30% பறக்கும் சாம்பல் சேர்த்ததால் 65% கிளிங்கர் மட்டும் உள்ள சீமெந்தையும் பயன்படுத்தினால் கல்லிலிருந்து வெளியேறும் காபனீரொட்சைட்டின் அளவுகளை ஒப்பிடுக.

விடை:

கொங்கிறீற்றின் கனவளவு = 10 × 6 × 0.125 = 7.5 கனமீற்றர்
சீமெந்து = 7.5 × 6 = 45 பைகள் = 2250 கிலோகிராம்

(i) 2250 × 0.95 × 0.51 = 1090 கிலோகிராம்
(ii) 2250 × 0.65 × 0.51 = 746 கிலோகிராம்

வேறுபாடு = 1090 − 746 = 344 கிலோகிராம்

ஒரு வீட்டின் ஒரு தளத்தில் மட்டும் கிடைக்கும் சேமிப்பு இதுவாகும்.

6.2 நீரின் அளவைக் கட்டுப்படுத்தல்

கலவையிலுள்ள நீரின் திணிவைச் சீமெந்தின் திணிவால் வகுக்கும்போது கிடைப்பது நீர்–சீமெந்து விகிதம் ஆகும். இவ்விகிதம் 0.5 எனின், 50 கிலோகிராம் பை ஒன்றுக்கு 25 லீற்றர் நீர் போதுமானது. மணல் ஈரமாயின் அதிலுள்ள நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கலவை இலகுவாக ஓட வேண்டும் என்பதற்காக வேலையாட்கள் மேலதிகமாக ஒரு வாளி நீரை ஊற்றுவதை நீங்கள் கண்டிருக்கலாம். தாக்கத்துக்குத் தேவைப்படாத நீர் பின்னர் ஆவியாகி, கொங்கிறீற்றில் நுண்டுளைகளை விட்டுச் செல்லும். இதனால் வலிமை குறையும். குறைந்த வலிமையை ஈடுசெய்ய மேலும் சீமெந்து சேர்க்க நேரிடும். அளவாக நீர் சேர்த்தால் அதே வலிமையைக் குறைந்த சீமெந்துடன் பெறலாம். செலவின்றிச் செய்யக்கூடிய வழிகளுள் இதுவும் ஒன்று.

6.3 ஈரமாக வைத்திருத்தல்

கொங்கிறீற்று நீருடன் தாக்கம் புரிந்தே இறுகுகிறது என மேலே கற்றோம். ஆகவே கொங்கிறீற்று இட்டபின் குறைந்தது 7 நாட்களுக்கு அதனை ஈரமாக வைத்திருக்க வேண்டும். தளத்தின் மேல் நீரைத் தேக்கலாம். தூண்களை ஈரச் சாக்கினால் சுற்றலாம். வெயிலில் காயவிட்டால் நீரேற்றம் இடையில் நின்றுவிடும். கொடுத்த சீமெந்தின் முழுப் பயனும் கிடைக்காது. பொசொலான் கலந்த சீமெந்து மெதுவாக வலிமை பெறுவதால் அதனை மேலும் சில நாட்கள் ஈரமாக வைத்திருத்தல் அவசியம்.

6.4 சீமெந்துப் பைகளை முறையாகக் களஞ்சியப்படுத்தல்

பைகளை நிலத்தில் நேரடியாக வைக்காது பலகைகளின் மேல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடுக்க வேண்டும். முதலில் வந்தவற்றை முதலில் பயன்படுத்த வேண்டும். வளியிலுள்ள ஈரப்பதனே சீமெந்தைக் கட்டியாக்கப் போதுமானது.

6.5 பொருத்தமான வடிவமைப்பு

தேவைக்கு மேற்பட்ட பருமனுள்ள தூண்களும் தளங்களும் கொங்கிறீற்றை வீணாக்குகின்றன. பொறியியலாளரின் கணிப்பின்படி அமைத்தால் வலிமை குறையாமல் கொங்கிறீற்றைக் குறைக்கலாம். சுமை தாங்காத சுவர்களுக்கு உட்குழிவான கற்களையோ, சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திய மண் கற்களையோ பயன்படுத்தலாம். பழைய கட்டடத்தை இடிக்காமல் திருத்திப் பயன்படுத்துவதும் நல்ல வழியாகும். இடித்தே ஆகவேண்டுமாயின் உடைந்த கொங்கிறீற்றை நொறுக்கி, அத்திவாரத்தின் கீழும் வீதி அமைப்பிலும் நிரப்பியாகப் பயன்படுத்தலாம். இதனால் புதிய கருங்கல் அகழ்வது குறையும். ஆயினும் இது சீமெந்தின் தேவையை நீக்காது என்பதைக் கவனிக்குக.

6.6 வெளியேறும் வாயுவைப் பிடித்தெடுத்தல்

கல்லிலிருந்து வரும் வாயுவைத் தடுக்க முடியாத இடத்தில், அதனைப் பிடித்தெடுத்து நிலத்தின் அடியில் சேமிக்கலாம். நோர்வே நாட்டின் பிரெவிக் சீமெந்துத் தொழிற்சாலையில் 2025 ஆம் ஆண்டு இவ்வாறான நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 400 000 தொன் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. இவ்வளவு அத்தொழிற்சாலை வெளியேற்றும் அளவின் ஏறத்தாழ பாதியாகும். பிடிக்கப்பட்ட வாயு திரவமாக்கப்பட்டு, வடகடலின் அடித்தளத்துக்குக் கீழே உள்ள பாறைப் படைகளில் செலுத்தப்படுகிறது. இம்முறைக்கு மிகுந்த செலவும் சக்தியும் தேவை.

7. கொங்கிறீற்று காபனீரொட்சைட்டை மீண்டும் உறிஞ்சுமா?

ஆம், ஓரளவு உறிஞ்சும்.

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

சுண்ணாம்பு நீர் பால் நிறமாவதும், சுவரிற் பூசிய சுண்ணாம்பு நாளடைவில் இறுகுவதும் இதே தாக்கத்தினாலாகும். கொங்கிறீற்றின் மேற்பரப்பிலிருந்து இத்தாக்கம் பல ஆண்டுகளாக மெதுவாக உட்செல்லும். இது காபனேற்றமடைதல் எனப்படும். உற்பத்தியின்போது வெளியேறிய வாயுவின் ஒரு பகுதியே இவ்வாறு திரும்பப் பெறப்படும். எரிபொருளிலிருந்து வந்த வாயுவுக்கு இது ஈடாகாது.

இதனால் ஒரு தீமையும் உண்டு. கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளேயுள்ள உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காபனேற்றமடைதல் கம்பி வரை சென்றால் காரத்தன்மை குறைந்து, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு அதிக இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற்று வெடித்துப் பெயரும். இதனாலேயே கம்பிக்கு வெளியே போதிய தடிப்பில் கொங்கிறீற்று மூடியிருக்க வேண்டும் என்பர்.

8. கவனிக்க வேண்டிய வரையறைகள்

காபன் அடிச்சுவட்டைக் குறைத்தல் என்பது சீமெந்தை மனம்போனபடி குறைத்தல் அன்று. தூணிலும் தளத்திலும் கணிப்பின்றிச் சீமெந்தையோ கம்பியையோ குறைத்தால் கட்டடம் இடிந்து உயிர்கள் பலியாகும். தவிரவும், 25 ஆண்டுகளில் பழுதடைந்து மீண்டும் கட்டப்படும் கட்டடத்திற்கு, 50 ஆண்டுகள் நிலைக்கும் ஒரு கட்டடத்தைப் போல இருமடங்கு கொங்கிறீற்று தேவைப்படும். எனவே நீண்டகாலம் நிலைக்கக்கூடியதாகக் கட்டுவதே முதலாவது சிக்கனமாகும்.

பொசொலான் கலந்த சீமெந்தின் தொடக்க வலிமை குறைவாக இருப்பதால் பலகைகளைக் கழற்ற அதிக காலம் எடுக்கும். அவசர வேலைகளுக்கு இது இடையூறாகும். மேலும், உலகில் நிலக்கரி மின் நிலையங்கள் குறையக் குறையப் பறக்கும் சாம்பலும் குறையும். சுட்ட களி போன்ற புதிய பொருள்களில் ஆய்வாளர் கவனம் செலுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீமெந்து வாங்கும்போது பையிலுள்ள தர இலக்கத்தைப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 107 என்பது சாதாரண போட்லண்ட் சீமெந்தையும், எஸ்.எல்.எஸ். 1247 என்பது கலப்புச் சீமெந்தையும் குறிக்கும். எந்த வேலைக்கு எது உகந்தது என்பதைத் தொழினுட்பம் அறிந்தவரிடம் கேட்டுத் தெரிவு செய்தல் வேண்டும்.

9. பாடச் சுருக்கம்

• சீமெந்து உற்பத்தியில் வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 60% கல்லிலிருந்தும் 40% எரிபொருளிலிருந்தும் வருகிறது.
• எரிபொருளை மாற்றுவதால் மட்டும் முழு வெளியேற்றத்தையும் நிறுத்த முடியாது.
• 1 கிலோகிராம் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து ஏறத்தாழ 0.51 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும்.
• கிளிங்கரைக் குறைப்பதே பிரதான வழி. பறக்கும் சாம்பல், ஊதுலைக் கசடு, உமிச் சாம்பல், சுட்ட களி என்பன பதிலீடுகள்.
• அளவான நீர், போதிய நாட்கள் ஈரம், முறையான களஞ்சியம், சரியான வடிவமைப்பு என்பன சீமெந்தை மிச்சப்படுத்தும்.
• வலிமையையும் நீடித்த உழைப்பையும் விட்டுக்கொடுத்துப் பெறும் சிக்கனம் சிக்கனமன்று.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. சீமெந்துச் சூளை முழுவதும் சூரிய சக்தியால் வெப்பமாக்கப்பட்டால் காபனீரொட்சைட்டு வெளியேற்றம்
(1) முற்றாக நிற்கும் (2) மாறாது (3) ஏறத்தாழ 40% குறையும் (4) அதிகரிக்கும்

2. வெப்பமேற்றும்போது காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக நீராவியை வெளியேற்றுவது
(1) சுண்ணாம்புக்கல் (2) கயோலின் களி (3) சிப்பி ஓடு (4) முருகைக்கல்

3. கொங்கிறீற்றுக் கலவைக்கு அளவுக்கு மிஞ்சிய நீர் சேர்ப்பதால்
(1) வலிமை கூடும் (2) நுண்டுளைகள் கூடி வலிமை குறையும் (3) நீரேற்றம் நின்றுவிடும் (4) சீமெந்துத் தேவை குறையும்

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை

4. (i) கல்சியம் காபனேற்றின் வெப்பப் பிரிகைக்குரிய சொற்சமன்பாட்டை எழுதுக.
(ii) 200 கிலோகிராம் தூய கல்சியம் காபனேற்று முற்றாகப் பிரிகையுறும்போது வெளியேறும் காபனீரொட்சைட்டின் திணிவைக் காண்க.
(iii) 20 பை (ஒவ்வொன்றும் 50 கிலோகிராம்) சீமெந்து தேவைப்படும் வேலை ஒன்றில், 95% கிளிங்கர் உள்ள சீமெந்துக்குப் பதிலாக 70% கிளிங்கர் உள்ள சீமெந்தைப் பயன்படுத்தினால் கல்லிலிருந்து வெளியேறும் காபனீரொட்சைட்டு எவ்வளவால் குறையும்?
(iv) கலப்புச் சீமெந்தைப் பயன்படுத்தும்போது ஈரமாக வைத்திருக்கும் காலம் கூடியதாக இருக்க வேண்டியது ஏன்?

பகுதி இ – கட்டுரை

5. உங்கள் பாடசாலையில் புதிய வகுப்பறைக் கட்டடம் ஒன்று அமைக்கப்படவுள்ளது. அதன் காபன் அடிச்சுவட்டைக் குறைப்பதற்கு நீங்கள் முன்வைக்கும் நான்கு ஆலோசனைகளைக் காரணங்களுடன் எழுதுக.

விடைகள்

1. (3)   2. (2)   3. (2)

4. (i) கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு
(ii) 100 கிலோகிராம் கல்சியம் காபனேற்றிலிருந்து 44 கிலோகிராம் வெளியேறும். எனவே 200 கிலோகிராமிலிருந்து 88 கிலோகிராம்.
(iii) சீமெந்து = 20 × 50 = 1000 கிலோகிராம்; குறையும் கிளிங்கர் = 950 − 700 = 250 கிலோகிராம்; குறையும் காபனீரொட்சைட்டு = 250 × 0.51 = 127.5 கிலோகிராம்.
(iv) பொசொலான் தாக்கம் மெதுவாக நிகழ்வதாலும் அதற்கு நீர் தேவைப்படுவதாலும்.

5. விடைக்குறிப்பு: கலப்புச் சீமெந்து, நீர்–சீமெந்து விகிதம், ஈரமாக வைத்திருத்தல், களஞ்சியம், வடிவமைப்பு, மீள்பயன்பாடு ஆகியவற்றுள் நான்கைத் தெரிந்து எழுதலாம். ஆலோசனையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். "கலப்புச் சீமெந்தைப் பயன்படுத்தல்" என்பது ஆலோசனை. "அதனால் கிளிங்கர் குறைந்து, சுண்ணாம்புக்கல்லின் பிரிகையால் வெளியேறும் காபனீரொட்சைட்டும் குறையும்" என்பது காரணம். இரண்டும் சேர்ந்தாலே விடை முழுமை பெறும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ கட்டட வேலை நடைபெறுமாயின் ஒருநாள் சென்று பாருங்கள். பைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, ஒரு பைக்கு எத்தனை லீற்றர் நீர் சேர்க்கப்படுகிறது, தளம் எத்தனை நாள் ஈரமாக வைக்கப்படுகிறது என்பவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். இப்பாடத்தில் கற்றவற்றுடன் அவற்றை ஒப்பிட்டு, மாற்றக்கூடியது எது என்பதை மேசனிடமோ பெற்றோரிடமோ பேசிப் பாருங்கள்.